ஏலத்துக்கு முன் ஒரு நாள் கொடுங்கள்: கடலூர் மாவட்டப் பசுமைக் குழுவுக்கும் புதுச்சேரி வனத்துறைக்கும் இசைக் கருவி செய்வோரின் திறந்த மடல்

பசுமைக் குழுத் தலைவரான மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், குழு உறுப்பினர்களுக்கும், மாவட்ட வன அலுவலருக்கும், புதுச்சேரி வனத்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சாலை அகலப்படுத்த, புயலில் சாய, மின்கம்பிக்கு இடையூறு என்று வெட்ட, நம் இரண்டு வட்டாரங்களிலும் மரம் விழாத ஆண்டு இல்லை. விழுந்த மரம் மொத்தமாக ஏலம் போகிறது. ஏலம் எடுத்தவர் லாரியில் ஏற்றத் தோதாக மூன்றடி மூன்றடியாக அறுத்து வாள்பட்டறைக்கும் சூளைக்கும் அனுப்புகிறார். அதில் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் நாகசுரத்துக்கும் வீணைக்கும் ஆகக்கூடிய துண்டுகளும் சேர்ந்தே போகின்றன. மரத்தை வெட்டாதீர்கள் என்றோ, எங்களுக்கென்று வெட்டிக் கொடுங்கள் என்றோ நாங்கள் கேட்கவில்லை. வெட்டியே தீர வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்த மரத்தையும், காற்று முடிவு செய்த மரத்தையும், ஏலத்துக்கு முன் ஒரு நாள் எங்களில் இருவர் பார்த்துக் குறியிட அனுமதி கொடுங்கள். குறியிட்ட துண்டைத் தனி ஏலமாக வையுங்கள். விறகு விலைக்கு மேல் கொடுத்து எடுத்துக்கொள்கிறோம்.

ஏன் இப்போது என்பதற்குப் பலாவிலிருந்து தொடங்க வேண்டும். மிருதங்கக் கட்டைக்கும் தஞ்சாவூர் வீணைக்கும் நெடுங்காலமாகப் பண்ருட்டிப் பலாதான் போகிறது. பலா அதிக கனமும் இல்லை, சோப்ளாங்கியும் இல்லை. கன மீட்டருக்கு 550 முதல் 650 கிலோ. மரத்தின் நார் ரேகை ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் உளி பட்டால் பிளந்துகொண்டு ஓடாது. உள்ளே இருக்கும் கெட்டியான வைரப் பகுதியைக் கரையான் எளிதில் தொடாது. குடைந்தால் சுத்தமாகக் குடைபடும். ஆனால் இன்று தோப்புகளில் நடுவது பெரும்பாலும் ஒட்டுக்கன்று. ஒட்டுப் பலா தாழ்வாகவே கிளைக்கிறது. பழம் பறிக்க வசதி, அதனால் விவசாயி அதைத்தான் விரும்புவார், அதில் பிழையில்லை. எங்களுக்குத் தேவையானது கிளையும் கணுவும் இல்லாத அடிமரம். அது விதைக்கன்றில் வளர்ந்த பழைய மரங்களில்தான் இருக்கிறது. அவை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. நல்ல காய்ப்புள்ள மரத்தைக் கட்டைக்காக வெட்டச் சொல்ல எங்களுக்கு மனம் வராது, வெட்டச் சொன்னால் தோப்புக்காரர் கேட்கவும் மாட்டார்.

நாகசுரத்தின் நிலை இன்னும் மோசம். அதைச் செய்யும் ஆச்சா மரம் நம் மாவட்டத்து மரமே அல்ல. தருமபுரி, சேலம் பக்கத்து வறண்ட காடுகளில் வளர்வது. கன மீட்டருக்கு ஆயிரம் கிலோவைத் தாண்டும், தண்ணீரில் போட்டால் மூழ்கும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரங்களை நம்பித்தான் அந்தத் தொழில் நடக்கிறது.

மாற்று மரம் என்றதும் பலாவுக்குப் பதில் எது, ஆச்சாவுக்குப் பதில் எது என்று ஒற்றைப் பெயரைக் கேட்கிறார்கள். அப்படி ஒரு மரம் இல்லை. கருவியின் ஒவ்வோர் உறுப்பும் மரத்திடம் வெவ்வேறு வேலையைக் கேட்கிறது. மிருதங்கத்திலும் தவிலிலும் ஒலிப்பது தோல். கட்டையின் வேலை அசையாமல் நிற்பதும், வார் இழுக்கும் இழுப்பைத் தாங்குவதும், தோல் உட்காரும் விளிம்பு நசுங்காமல் இருப்பதும். நாகசுரத்தில் ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்று. அந்தக் காற்றைச் சுற்றி நிற்கும் குழலான உலவு மரத்தின் வேலை துளையின் வடிவத்தை மாற்றாமல் வைத்திருப்பது, மூச்சின் ஈரத்தைக் குடிக்காமல் இருப்பது, விரல் துளைகளின் விளிம்பு மழுங்காமல் இருப்பது. வீணையின் குடத்து மேல்பலகை மட்டும்தான் மரமே நேராக ஒலிக்கும் இடம். ஆகவே மாற்று தேடுவதில் மிருதங்கமும் கஞ்சிராவும் எளிது, நாகசுரம் நடுத்தரம், வீணையின் மேல்பலகைதான் கடினம். வீணையின் நீண்ட கழுத்தான தண்டிக்கும் அதன் முனையில் இருக்கும் யாளித் தலைக்கும் தோட்டத்து மகோகனியே போதும்.

மாற்றம் என்பது இந்தத் தொழிலுக்குப் புதிதும் அல்ல. வீணை அலங்காரத்தில் தந்தம் போய் மான்கொம்பு வந்தது, மான்கொம்பு போய் பிளாஸ்டிக் வந்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கஞ்சிராவுக்கு உடும்புத் தோல் கூடாது. ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன. ஈட்டி மரம் 2017 ஜனவரி 2 முதல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் விலக்கு கிடைத்தது. கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாவில்தான் வீணை பேசும் என்று சொல்பவர்களோடும் நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. அந்த மரமும் ஒருநாள் சாயும், அதையும் ஏலத்துக்கு முன் காட்டுங்கள் என்பதுதான் எங்கள் பேச்சு.

இனி நம் மண்ணில் விழும் மரங்கள்.

தூங்குமூஞ்சி மரம் சாலையோரத்தில் நிறைய இருக்கிறது, சுற்றளவும் தாராளம். காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். பச்சையாகக் கடைந்து வைத்தாலும் அதிகம் வெடிக்காது. தவில் கட்டைக்கு முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். குறை இரண்டு உண்டு. மரம் சற்று மெத்து. வாரை இறுக்க இறுக்க விளிம்பு நசுங்கி சுருதி இறங்கும். அதனால் இரு முனைகளிலும் ஓர் அங்குல அகலத்தில் பூவரசு அல்லது வேங்கை வளையம் ஒட்டிக் கடைய வேண்டும். இரண்டாவது, வைரத்துக்கு வெளியே உள்ள வெள்ளைப் பகுதியில் தூள் வண்டு விழும். வைரத்தை மட்டுமே எடுக்க வேண்டும். கடையும்போது பறக்கும் தூள் மூக்கை எரிக்கும், முகமூடி இல்லாமல் தொடக்கூடாது.

வாகையைப் புதிய மாற்று என்று சொல்ல வேண்டியதில்லை. நாகசுரத்தின் அடியில் பொருத்தும் அணசு வாகையில்தான் செய்கிறார்கள். சாலையோர வாகை பெட்டி அடிக்கப் போகிறதே என்பதுதான் வருத்தம். ஓர் அணசுக்கு ஒரு முழ நீளத் துண்டே தாராளம்.

பூவரசு நம் கடற்கரை ஊர்களில் வேலியோரம் தானாக நிற்பது. பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவதோடு அதன் இசைத் தொடர்பு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். அதன் வைரம் கருஞ்சிவப்பு, நெருக்கமான ரேகை, மெருகு நன்றாக ஏறும். ஈட்டிக்குப் பதிலாகக் கிதார் விரல்பலகைக்கும் வீணையின் தந்தியை முறுக்கும் பிருடைக்கும் கஞ்சிரா வளையத்துக்கும் இதைத் தயங்காமல் எடுக்கலாம். நீளமான நேர்க்கட்டைதான் கிடைக்காது. அடிமரம் வளைந்திருக்கும், வயதானதில் உள்ளே பொந்தும் இருக்கும். ஆனால் நாங்கள் சொன்ன உறுப்புகள் எதற்கும் இரண்டடிக்கு மேல் நீளம் வேண்டாம்.

வேம்பு பறைச் சட்டத்துக்கு ஏற்கெனவே வழக்கத்தில் இருப்பது. மூன்று துண்டாக வளைவு வெட்டி, இரும்புப் பட்டை வைத்து இணைப்பார்கள். இதற்கு முழு மரம் தேவையில்லை, இயல்பாக வளைந்த கிளையே மேல். ரேகையும் வளைவோடு ஓடும். மின்வாரியம் கழிக்கும் கிளைகளிலேயே பறைச் சட்டம் கிடைக்கும், அவற்றைக் கைக்கெட்டிய இடத்தில் துண்டு போடாமல் இருந்தால்.

மாமரத்தைப் பற்றி எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வடக்கே டோலக்குக்கு மாமரம் புழங்குகிறது. நம் கடலோர ஈரத்தில் அது சீக்கிரம் பூஞ்சை பிடித்து உளுத்துப் போகிறது. மருந்து ஏற்றாமல் அதில் கட்டை கடைவது வீண் வேலை.

ஆச்சாவுக்கு மாற்றாக நாங்கள் முன்வைப்பது பலருக்குச் சிரிப்பு வரவழைக்கும்: வேலிக்காத்தான், அதாவது சீமைக் கருவேலம். அரசே அகற்றச் சொல்லும் மரம், கரிமூட்டத்துக்குப் போகும் மரம். ஆனால் காயும்போது இவ்வளவு குறைவாகச் சுருங்கும் கடின மரம் எளிதில் கிடைக்காது. துளை முட்டை வடிவாகக் கோணாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் நாகசுரம் செய்பவரின் முதல் கவலை. துளை கோணினால் மேல் ஸ்தாயி சேராது. சீமைக் கருவேலம் அந்தக் கவலையைக் குறைக்கிறது. எடையில் ஆச்சாவை எட்டாது, ஆனால் கனமான மரம்தான். சிக்கல் நீளத்தில் இருக்கிறது. நீளமான வகையான பாரி நாகசுரத்தின் உலவுக்கு இரண்டரை அடி நீளம், மூன்று அங்குலச் சதுரத்தில் நேர்க்கட்டை வேண்டும். மரத்தின் நட்டநடுவில் உள்ள மெத்தென்ற பகுதி கட்டைக்குள் வரக்கூடாது, வந்தால் அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்கும். எனவே நடுவைச் சுற்றி நான்கு கட்டைகள் எடுக்கச் சுற்றளவு மூன்றடியாவது இருக்க வேண்டும். ஏரிகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் பொக்லைன் வைத்துப் பிடுங்கும்போது அப்படிப்பட்ட முதிர்ந்த அடிமரம் அங்கொன்றும் இங்கொன்றும் வரும். அதை மட்டும் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். சிறியதும் வீணாகாது, பிருடை, வயலின் தந்திகளைத் தாங்கும் குதிரை, மிருதங்க வாருக்கடியில் செருகும் உருளைகள் எல்லாம் முழங்கை நீளத் துண்டில் வந்துவிடும்.

இந்த மரத்தில் துளையை ஒரே மூச்சில் முடிக்கக்கூடாது. முதலில் சிறு துளை மட்டும் நேராக ஓட்டி, இரு முனையிலும் மெழுகு தடவி நிழலில் நான்கு ஐந்து மாதம் விட வேண்டும். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே சீராகக் காய்ந்து, மரத்துக்குள் இருக்கும் இழுவிசை தணிந்த பிறகுதான் கூம்புத் துளையை இறுதி அளவுக்கு விரிவாக்க வேண்டும். பிறகு எண்ணெய் ஊட்டல். அவசரப்பட்டால் கருவி முதல் மாதம் நன்றாக ஊதும், அடுத்த கோடையில் சுருதி விலகும்.

வீணையின் மேல்பலகைக்கு எங்கள் தேர்வு குமிழ். சங்கப் பாட்டில் ஆயன் வில்யாழ் கட்டியது குமிழங் கொம்பில்தான், ஆக உறவு பழையது. எடை குறைவு, சுருக்கமும் குறைவு, அறுத்த பலகை முறுக்காமல் கிடக்கும். தோட்டப் பயிராக வளர்த்து விற்கிறார்கள் என்பதால் இதற்கு உங்களிடம் கேட்க வேண்டியது அதிகம் இல்லை. ஆனால் வேகமாக வளர்த்த குமிழில் ஆண்டு வளையங்கள் அகன்று மரம் பஞ்சாக இருக்கும். ஏலத்தில் வரும் பழைய மரத்துப் பலகை வேறு வகை, தட்டினாலே தெரியும்.

தட்டிப் பார்ப்பதைக் கைப்பழக்கம் என்று விட்டுவிடாமல் எண்ணாகவும் எழுதலாம். இதை உங்கள் வனவர்களும் செய்யலாம். நன்கு காய்ந்த மரத்தில் ரேகை நீளவாட்டில் ஓடும்படி 50 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமனில் ஒரு பட்டை இழைத்துக்கொள்ளுங்கள். இரு முனையிலிருந்தும் 11.2 செ.மீ. தள்ளி இரண்டு ரப்பர் துண்டுகளின் மேல் வைத்து, நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். கைபேசியில் அதிர்வெண் காட்டும் செயலி ஏதாவது ஒன்று போதும். அது காட்டும் முதல் எண்ணை நீளத்தின் இருமடியால், மீட்டர் கணக்கில், பெருக்கி, தடிமனின் 1.028 மடங்கால் வகுத்தால் அந்த மரத்தில் ஒலி ஓடும் வேகம் வரும். 330 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர். தடிமனை வெர்னியரில் அளக்க வேண்டும், 2 செ.மீ. என்று நினைத்தது 1.9 ஆக இருந்தால் விடை நூற்றுக்கு ஐந்து பிசகும். பிறகு பட்டையை எடை போட்டு, எடையைக் கன அளவால் வகுத்து அடர்த்தியைக் கண்டு, வேகத்தை அந்த அடர்த்தியால் வகுத்தால், எந்த மரம் மேல்பலகையாகி ஒலியை வெளியே தள்ளும் என்பதன் வரிசை கிடைத்துவிடும். வகுத்து வரும் எண் பெரிதாக இருக்க வேண்டும். தட்டிய ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். வேகம் நன்றாக இருந்தும் ஓசை உடனே அறுந்தால் அந்த மரம் தண்டிக்கு ஆகும், மேல்பலகைக்கு ஆகாது.

கஞ்சிராவுக்குப் பலா அடிமரத்தை அறுப்பது இன்று தேவையில்லாத செலவு. எட்டங்குல வளையத்தை எட்டுத் துண்டுகளில் கட்டலாம். ஒவ்வொரு துண்டின் இரு முனையும் 22.5 பாகையில் வெட்டு. வெளிப்பக்க நீளம் 3.3 அங்குலம், அறுவைச் சேதத்துக்குக் கொஞ்சம் கூட்டி 3.5, அகலம் ஓர் அங்குலத்துக்குக் குறையக்கூடாது, குறைந்தால் உள்வட்டம் கடையும்போது இணைப்புகளில் மரம் போதாமல் போகும். ஒன்றரை அங்குல உயரத்தில் இரண்டு அடுக்கு செய்து, மேலடுக்கின் இணைப்பு கீழடுக்குத் துண்டின் நடுவில் வரும்படி, செங்கல் சுவர் எழுப்புவதுபோல், ஒட்ட வேண்டும். ஒரே அடுக்காகச் செய்தால் தோல் இழுக்கும்போது முனையோடு முனை ஒட்டிய இடம் விட்டுவிடும். கிளைகளில் கிடைக்கும் பூவரசும் வேம்பும் இதற்குப் போதும்.

பள்ளிகளில் ஃபைபர் மிருதங்கம் வந்துவிட்டதே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்பீர்கள். பயிற்சிக்கு அது நல்லதுதான், மழைக்கும் அஞ்சாது. கச்சேரிக்கு எடுத்துப் போகும் வித்வான் கட்டையைத்தான் கேட்கிறார், நாங்களும் அதைத்தான் செய்கிறோம்.

புயல் மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஒரு தலைமுறைக்கான கட்டை ஒரே காலையில் தரையில் கிடந்தது. வாங்க ஆளும் இல்லை, வைக்க இடமும் இல்லை, வழியை மறித்த மரத்தை அகற்றுவதுதான் அப்போது எல்லோருக்கும் முதல் வேலை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த புயல் எந்த ஆண்டு என்பதுதான் தெரியாது, மாதம் தெரியும். ஐப்பசிக்கு முன்பே ஓர் ஏற்பாடு இருந்தால் சாய்ந்த மரம் சாம்பலாகாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வழியை மறிக்காத அடிமரத்தைத் துண்டு போடாமல் விடுங்கள். மறிக்கும் மரத்தை நாங்கள் தரும் அளவில் அறுங்கள். அறுத்த அன்றே இரு முனைகளிலும் உருக்கிய மெழுகோ, இரண்டு பூச்சு பி.வி.ஏ. பசையோ, பழைய பெயின்ட்டோ தடவ வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் சாணமும் செம்மண்ணும் குழைத்து அப்பலாம். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், அங்கேதான் முதல் வெடிப்பு. பட்டையை உரித்து, தரையில் படாமல் கருங்கல் மேல் அடுக்க வேண்டும். மழைக்காலத்து ஈரத்தில் வெளிறிய மரங்களுக்கு ஒரு வாரமே அதிகம், நீலக் கறை பாய்ந்துவிடும். வண்டு விழும் வகைகளுக்குப் போரிக் அமிலம் ஒரு பங்கு, வெண்காரம் ஒன்றரைப் பங்கு, இரண்டும் சேர்த்து நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ என்று கரைத்து, கரடாகக் கடைந்த பச்சைக் கட்டையை ஊறவிட வேண்டும். ஈரமான மரத்தில்தான் மருந்து உள்ளே ஊடுருவும், காய்ந்தபின் ஊற்றினால் மேலோடு நிற்கும். முன்பு குளத்தில் ஊறப்போடுவார்கள். வண்டு தேடி வரும் மாவுச்சத்தைத் தண்ணீர் கரைத்துவிடும் என்பதால் அதுவும் நல்ல முறையே. குளம் கிடைப்பதுதான் கடினம்.

காற்றில் சாய்ந்த மரத்துக்கே உரிய ஒரு குற்றம் உண்டு. மரம் பலமாக வளைந்து விழும்போது உள்ளே நார்கள் குறுக்காக நொறுங்குகின்றன. வெளியே தெரியாது. இழைத்துப் பார்த்தால் ரேகைக்குக் குறுக்கே மயிரிழைக் கோடாகத் தெரியும். அந்தப் பலகையில் வீணைத் தண்டி செய்தால் தந்தியின் இழுப்பில் கோடு வழியே முறியும். எனவே புயல் மரத்தைத் தண்டிக்கு எடுக்கும் முன் நாலு பக்கமும் இழைத்து, சாய்வான வெளிச்சத்தில் பார்ப்பது கட்டாயம். நீளவாட்டு இழுப்பு இல்லாத கஞ்சிராவுக்கும் அணசுக்கும் இந்தக் கவலை வேண்டாம். கடற்காற்றில் நெடுநாள் சாய்ந்தே வளர்ந்த மரத்திலும் ஒரு குற்றம் உண்டு. ஒரு பக்கம் நார் பிசிறிக்கொண்டே வரும், காயும்போது முறுக்கும்.

சாலையோர மரத்தின் எதிரி ஆணி. விளம்பரத் தகடு அடித்த ஆணியை மரம் விழுங்கி வளர்ந்திருக்கும். வாள் போவது ஒருபுறம், இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து கருநீலக் கறை ஓடும். ஆள் உயரம் வரைதான் பெரும்பாலும் ஆணி இருக்கும். உலோகம் காட்டும் கருவி ஒன்றை ஏல முற்றத்தில் வைத்தால் வாள்பட்டறைக்காரரும் உங்களை வாழ்த்துவார்.

பொந்து விழுந்த பலாவை ஏலத்தில் யாரும் சீந்துவதில்லை. எங்களுக்கு அது குறையே இல்லை. மிருதங்கமும் தவிலும் எப்படியும் நடுவைக் குடைந்தெடுக்கும் கருவிகள். பொந்தின் விட்டம் ஐந்து அங்குலத்துக்குள் இருந்து, சுற்றியுள்ள வைரம் கெட்டியாக இருந்தால் போதும். கிழட்டுத் தோப்பு மரங்களை அகற்றும் விவசாயிக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால் அவருக்கும் நாலு காசு கூடும்.

புதுச்சேரி அதிகாரிகளுக்கு ஒரு தனிக் கோரிக்கை. நகரில் பழைய வீடுகள் பிரிக்கப்படும்போது உத்திரமும் தூணும் விட்டமும் பழைய மரக்கடைகளுக்குப் போகின்றன. பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்த மரம், இதைவிடப் பதப்பட்ட மரத்தை எவராலும் உருவாக்க முடியாது. பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பதுதான் முதல் கடமை, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிரித்தே ஆக வேண்டிய அரசுக் கட்டடங்களிலாவது மர வகையைப் பார்த்துப் பிரித்து ஏலம் விடுங்கள். சுவருக்குள் இருந்த முனையில் ஓரடி ஈரத்தில் கெட்டிருக்கும், அதை வெட்டித் தள்ள வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், தூள் பறக்கத் தேய்க்கக்கூடாது. தேக்கு என்றால் எண்ணெய்ப் பசை உள்ள மரம். இழைத்த அன்றே ஒட்டாவிட்டால் பசை பிடிக்காது.

பண்ருட்டியில் வாங்கிய கட்டை புதுச்சேரிப் பட்டறைக்குப் போக மாநில எல்லையைக் கடக்க வேண்டும். பாகூர்ப் பக்கம் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஊர்க்காரருக்கே குழப்பம். நாடு முழுதும் செல்லும் ஒரே அனுமதிச் சீட்டு முறை 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டிருக்கிறது. எந்த மரத்துக்குச் சீட்டு வேண்டும், எதற்கு வேண்டாம், கடைந்த கட்டையும் மரக் கணக்கில் சேருமா என்று இரு வனத்துறைகளும் சேர்ந்து ஒரே தாளில் தமிழில் வெளியிடுங்கள். சோதனைச் சாவடியில் அரை மணி நேர வாக்குவாதம் மிச்சமாகும்.

சோதனைக்கு இடமும் காதும் நம் வட்டாரத்திலேயே இருக்கின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறை, கடலூரில் அரசு இசைப்பள்ளி, புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம். பலாவில் மூன்று கட்டை, மாற்று மரத்தில் மூன்று கட்டை, ஒரே அளவு, ஒரே கையால் மூட்டிய தோல், ஒரே சுருதி. தோல் படிய மூன்று நான்கு வாரம் விட்டு, எது எந்த மரம் என்று வாசிப்பவருக்குச் சொல்லாமல் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுத்தால் பலா ஜெயித்துவிடும், அது மரத்தின் வெற்றியாக இருக்காது. அடையாளம் தெரியாத மரத் துண்டுகளைப் பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு வனத்துறை வழியாக அனுப்பினால் பெயரும் அடர்த்தியும் ஐயமின்றித் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். புத்துப்பட்டு போன்ற கோயில் காடுகளில் நிற்கும் கருங்காலியும் வீரையும் பாலையும் அருமையான மரங்கள்தான். அவை எங்கள் பட்டியலில் இல்லை. சாய்ந்தாலும் அங்கேயே மக்கட்டும்.

நடவும் இருக்கிறது. வனத்துறை நாற்றங்கால்களில் விதைப்பலாக் கன்றுகளும் வாகையும் பூவரசும் வரப்போரம் நடக் கொடுங்கள். பலாவில் பக்கக் கிளைகளை விரல் பருமனாக இருக்கும்போதே எட்டடி உயரம் வரை கழிக்க வேண்டும். கை பருமனான பிறகு கழித்தால் கணு உள்ளே நின்றுவிடும், அந்த இடத்தில் கட்டை கடைய முடியாது. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் பலா ரகங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் இடம். பழத்தோடு அடிமரத்தையும் கணக்கில் எடுக்கும்படி அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லலாம்.

திட்டமிட்டு வெட்டும் மரங்களைத் தை, மாசியில் வெட்டினால் நல்லது. மழை ஈரம் குறைந்திருக்கும், பங்குனிக்குள் கரடு கடைந்து உள்ளே வைத்துவிடலாம். சித்திரையில் வெட்டினால் கத்திரி வெயிலும் மேல்காற்றும் சேர்ந்து ஒரே வாரத்தில் கட்டையைப் பிளந்துவிடும். கரடு கடைந்ததை மாதம் ஒருமுறை எடை போட்டு, எடை குறைவது நின்றபின்தான் இறுதிக் கடைசல். கடலோரத்தில் அப்படி நிற்கும்போதும் மரத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்கு ஈரம் இருக்கும். குளிரூட்டிய அரங்குக்கோ வெளிநாட்டுக்கோ போகும் கருவி என்றால் அதற்கும் கீழே இறக்க வேண்டும்.

ஏலக் களத்தில் அறுப்பவர் கையில் இருக்க வேண்டிய அளவுகள் கீழே. சுற்றளவு பட்டை நீக்கிய அளவு. நீளத்தில் முனை வெடிப்புக்கான கூடுதலும் சேர்ந்திருக்கிறது.

மிருதங்கம்: நீளம் 28 அங்குலம், சுற்றளவு 4 அடி, கணு கூடாது, நடுப் பொந்து இருக்கலாம்.
தவில்: நீளம் 21 அங்குலம், சுற்றளவு 5 அடி, பொந்து இருக்கலாம்.
ஒரே மரத்து வீணை: நீளம் நாலரை அடி, சுற்றளவு ஐந்தரை அடிக்கு மேல், பொந்து கூடாது, நெடுக்காக இரண்டாகப் பிளந்து வைக்க வேண்டும்.
நாகசுர உலவு: நீளம் 33 அங்குலம், சுற்றளவு 3 அடி, ரேகை முறுக்கு கூடாது.
அணசு: வாகை, நீளம் ஒரு முழம், சுற்றளவு 3 அடி.
பறைச் சட்டம்: வேப்பங்கிளை, இயல்பான வளைவு, தடிமன் 5 அங்குலம்.
கஞ்சிரா, பிருடை, குதிரை: பூவரசு, வேம்பு, சீமைக் கருவேலம், ஓரடிக்கு மேல் எதுவும்.

இப்படிக்கு,
பண்ருட்டி, கடலூர், புதுச்சேரி வட்டாரத்து இசைக் கருவி செய்வோர்